இடம் சொல்லாத பக்கம்

மரகதக்காவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. அவருடைய கண்ணாடி வளையல் என் தோலில் பதிந்து வலித்தது. பதினோரு மாதத்துக்குப் பிறகு அவர் லயன் குடியிருப்பை விட்டு ஓடைப் பாதையில் கால் வைத்த காலை அது. வளையல் பதிந்தால் பதியட்டும் என்றிருந்தேன்.

ஐப்பசிப் பனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சில்வர் ஓக் மரங்களிலிருந்து காப்பி இலைமேல் நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மண் பாதை தார்ச்சாலையைத் தொடும் திருப்பத்துக்கு வந்தோம். எதிரே பனிக்குள் மஞ்சள் விளக்குகள். ஒன்று, இரண்டு, ஆறு. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நாகலூர் பக்கத்து எஸ்டேட் சாலையில் ஆறு கார்கள் வரிசையாக நிற்க, என்ன திருவிழா?

"ஏனுங்க, என்னாச்சுங்க? ஆக்சிடென்டுங்களா?" என்று முதல் காரில் கேட்டேன்.

கண்ணாடியை இறக்கிய இளைஞர் சிரித்தார். "இல்லக்கா, காட்டெருமை பாக்க வந்தோம். டெய்லி இங்கதான் வருதாம். பாருங்க, போட்டிருக்காங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். எங்கள் சங்கம் நெட்டில் திறந்த பக்கம். மேலே எங்களுடைய, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் படம். கீழே, "காட்டெருமை. பெரிய ஓடைப் பாதை. காலை 6.10." அதற்கடியில் முந்நூறு பேருக்கு மேல் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

பின்னால் நின்ற கார் ஒன்று ஹாரன் அடித்தது. பனிக்குள்ளிருந்து ஒரு சீறல். காப்பிச் செடிகள் முறியும் சத்தம் நேராக எங்கள் பக்கம் வந்தது. நானும் மரகதக்காவும் பாதையோரப் பாறைமேல் ஏறினோம். எப்படி ஏறினோம் என்று கேட்காதீர்கள். நாற்பத்தாறு வயதில் நான் ஏறியதே அதிசயம். தொடை எலும்பில் தகடு வைத்த மரகதக்கா எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார். கறுத்த முதுகு ஒன்று எங்களுக்குக் கீழே, கையை நீட்டினால் தொடும் தூரத்தில் பாய்ந்து போய், சாலையைக் கடந்து மறைந்தது. கார்களிலிருந்து கைதட்டல் கேட்டது.

மரகதக்கா மெல்ல இறங்கினார். கார்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு லயனை நோக்கித் திரும்பி நடந்தார்.

"நான் ஊட்டக் காலி பண்ணிக்கறேன் கண்ணு. இனி என்னால ஆகாது."

கெட்டுப்போன சாமான் ஒன்று

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். அதாவது யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று காலையில் பெயர் எழுதுபவள். பிறந்ததும் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீட்டில்தான். மரகதக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து என்னைக் 'கண்ணு' என்று கூப்பிட்டவர். நான் சேலத்தில் பி.காம். முடித்து ஆபீசில் உட்கார்ந்த நாளிலிருந்து, நாலு பேர் முன்னால் 'ரைட்டரம்மா'. வீட்டில் மட்டும் 'கண்ணு'. வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "ஆபீசுன்னா ஆபீசுங்க" என்று வாயை அடைத்துவிடுவார்.

ரைட்டருக்கு சால்டரிங் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மழைக்காலத்தில் ஆபீஸ் யு.பி.எஸ். புகைந்து செத்தது. ரிப்பேருக்குச் சேலத்துக்கு அனுப்பினால் பத்து நாள் ஆகும். யாரோ பழனிசாமியண்ணனைக் கூட்டிவந்தார்கள். அவர் மலைக்காரர், சாமை, ஆரஞ்சு, மிளகு, கொஞ்சம் காப்பி என்று சொந்த நிலத்தில் வெள்ளாமை. மண் ஒட்டிய விரலால் யு.பி.எஸ்ஸைத் திறந்து, முகர்ந்து பார்த்து, "இவந்தானுங்க திருடன்" என்று கறுத்துப்போன ஒரு பாகத்தைச் சுட்டிக் காட்டினார். எனக்கு அந்தக் கணமே பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறே அவருடைய கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன்.

கூட்டம் கூடுவது பழைய பல்ப்பர் ஷெட்டில். காப்பிப் பழத்தின் தோலை உரித்த மெஷின் போய்விட்டது. புளித்த தோலின் வாடை மட்டும் சுவரில் தங்கியிருக்கிறது. அதோடு சால்டரிங் புகை சேர்ந்தால் வரும் வாசனைக்கு ஈடாக எந்த ஊதுபத்தியையும் நான் சொல்ல மாட்டேன். ஊரார் எங்களை 'ஓட்டை ரேடியோ சங்கம்' என்பார்கள். எங்களுக்குக் கோபம் வந்ததில்லை. உண்மையைச் சொன்னால் என்ன கோபம்?

சங்கத்துக்குச் சந்தா கிடையாது. ஒரே விதிதான். கெட்டுப்போன சாமான் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். மிக்சி, டார்ச், இரைச்சல் போடும் ரேடியோ, எதுவானாலும் சரி. கூடவே, அது ஏன் கெட்டது, அதில் தன் தப்பு என்ன என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சரியாக ஓடும் பொருளைக் கொண்டுவந்து பெருமை பேசுகிறவருக்கு ஷெட்டில் இடமில்லை. ஒருமுறை சேலத்திலிருந்து வந்த ஒருவர் விலை உயர்ந்த டிரோனைக் காட்டினார். பழனிசாமியண்ணன் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நொம்ப நல்லா இருக்குதுங்க. கெட்டதுக்கப்பறம் கொண்டாங்க" என்று வழியனுப்பி வைத்தார்.

நாலுக்கு மூன்று

இப்படி இருந்த சங்கம் தேய்ந்து தேய்ந்து ஏழு பேரில் வந்து நின்றது. அப்போதுதான் தேன்மொழி அந்தப் பேச்சை எடுத்தாள்.

தேன்மொழி நாகலூர்க்காரப் பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறாள். எங்களில் இளையவள், எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி. இரண்டாவதை நான் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏனுங்க்கா, நமக்குள்ளயே எத்தன நாளைக்குப் பேசிட்டிருக்கறது? நமக்குத் தெரியாதத யாருகிட்டக் கேக்கறது? நெட்டுல ஒரு பக்கம் தொறந்தம்னா நாலு ஊருல இருந்து நாலு பேரு சொல்லுவாங்கல்லங்க்கா?"

"நாலு பேரு சொல்ல மாட்டாங்க கண்ணு. நானூறு பேரு சிரிப்பாங்க" என்றேன் நான். "நெட்டுல இருக்கறவன் கெட்டுப்போன சாமானக் கொண்டாருவானா? அங்க எல்லாருமே டிரோன்காரங்கதான்."

அந்த வாதம் மூன்று ஞாயிறு ஓடியது. பக்கம் வேண்டும் என்றவர்களுக்கு ஆள் பற்றாக்குறை கவலை. வேண்டாம் என்றவர்களுக்கு இரைச்சல் கவலை. சங்கத்து அறிவிப்பை பஸ் நிறுத்தத்துத் தகரத்தில் சாக்பீஸால் எழுதுவோம். காலை பஸ் கண்டக்டர் அதைப் படித்து வழியெல்லாம் கூவிக்கொண்டு போவார். அது போதாதா என்று நான் கேட்டேன். "கண்டக்டரு லீவு போட்டா?" என்று தேன்மொழி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் சீட்டு எழுதி டப்பாவில் போட்டோம். நாலுக்கு மூன்று. நான் தோற்றேன். அதோடு விட்டார்களா? "ரைட்டரம்மா கையெழுத்துத்தான் சுத்தம். பாஸ்வேர்ட அவங்களே எழுதி வெச்சுக்கட்டும்" என்று பழனிசாமியண்ணன் சொல்லிவிட்டார். வேண்டாம் என்றவள் கையிலேயே சாவி. கடுகடுவென்று வாங்கிக்கொண்டேன்.

மரகதக்காவின் பாதை

சங்கத்துக்கு அப்போது ஒரு பெரிய வேலை வந்திருந்தது. அதைக் கொண்டுவந்தவளும் நான்தான்.

லயனிலிருந்து காப்பித் தோட்டத்துக்குப் போகும் பாதை பெரிய ஓடையைத் தாண்டிப் போகிறது. காட்டெருமைகளுக்கும் அதுதான் பாதை. முன்னால் போகிறவர் சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கரண்டியால் தட்டிக்கொண்டே போவார்; சத்தம் கேட்டு அவை ஒதுங்கிவிடும். தட்டியும் ஒதுங்காமல் பனிக்குள் நின்ற ஒன்று, முந்தைய வருடம் மரகதக்காவைத் தூக்கி எறிந்தது. தொடை எலும்பு உடைந்தது. எலும்பு கூடியது, பயம் கூடிக்கொண்டே போனது. வாசலைத் தாண்டினால் கால் நடுங்கும்.

லயன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வீட்டுக்கு ஒருவராவது வேலைக்கு வர வேண்டும். மரகதக்காவுக்குக் கணவர் இல்லை. மகள் சேலத்தில் நர்ஸிங் படிக்கிறாள். மானேஜர் கெட்டவரில்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆள் உண்டு. "கார்த்திகையில பழம் எடுப்பு ஆரம்பிக்கிற வரைக்கும் பாக்கலாம். அன்னைக்குப் பேரு குடுக்கலைன்னா, வேற வழியில்லைங்க ரைட்டர்" என்றார். அந்தச் செய்தியை மரகதக்காவிடம் போய்ச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது.

அதற்காகத்தான் பெட்டி செய்தோம். பாதையின் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும் பெட்டி. எதிர்ப்பக்கம் அதை வாங்கிக்கொள்ளும் பெட்டி. இரண்டுக்கும் நடுவே மனிதர் நடந்தால் கண் இமைக்கும் நேரம் ஒளி மறையும். காட்டெருமை கடந்தால் மூக்கிலிருந்து வால் வரை ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் மறையும். அந்த வித்தியாசத்தை வைத்து, வந்தது யார் என்று பெட்டி சொல்லிவிடும். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது, பாருங்கள்.

பெட்டி பேசுவதற்கு தேன்மொழி ஒரு வழி செய்தாள். ஓடைக்கு அக்கட்டை, அந்தப் பக்கம் இருக்கும் பழனிசாமியண்ணன் வீட்டில் நெட் உண்டு. பெட்டி ஒரு சின்ன ரேடியோ மூலம் அங்கே சொல்லும். அங்கிருந்து செய்தி தானாகவே எங்கள் புதிய பக்கத்தில் ஏறும், பெட்டியில் வைத்த சின்னக் காமிரா எடுத்த படத்தோடு. லயன் பெண்கள் கிளம்புமுன் போனைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். எல்லாரும் கைதட்டினோம்.

நாங்கள் செய்த மடத்தனம்

லயனில் சிக்னல் கிடையாது.

ஆமாம். அந்தப் பள்ளத்தில் ஒரு புள்ளி சிக்னலுக்கும் வழியில்லை. போன் உயிர் பெற வேண்டுமானால் ஓடையைத் தாண்டிப் பெருமாள் கோயில் திருப்பத்துக்கு வர வேண்டும். அதாவது, ஓடையைத் தாண்டலாமா என்று தெரிந்துகொள்ள ஓடையைத் தாண்டிப் போக வேண்டும். ஏழு பேர் மூன்று வாரம் மூளையைக் கசக்கிச் செய்த ஏற்பாடு இது.

அதைவிட வெட்கம் ஒன்று உண்டு. சங்கத்தில் ஆறு பேர் அக்கட்டைக் குடியிருப்பவர்கள். அவர்களுக்கு அது தோன்றாமல் போயிருக்கலாம். லயன் பக்கம், இக்கட்டை, இருப்பவள் நான் ஒருத்தி. எனக்கு அது தோன்றியது. கைதட்டிக்கொண்டிருந்தபோதே தோன்றியது. "பக்கம் வேணும்னீங்கல்ல, பட்டுத் தெரிஞ்சுக்கங்க" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் மற்றவர்களின் அசட்டுத்தனங்களை எழுதியவள், இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

லயனில் ஒருவரும் பார்க்காத அந்தப் பக்கத்தை அடிவாரத்துக்குக் கீழே எல்லாரும் பார்த்தார்கள். பனி வந்ததும் பெட்டியின் கண்ணாடியில் ஈரம் படர்ந்தது, ஒளி மறைந்தது, பெட்டி பொழுதன்னைக்கும் 'காட்டெருமை, காட்டெருமை' என்று பக்கத்தில் கூவியது. பாதிப் படங்களில் வெறும் வெள்ளைப் பனி. ஒன்றே ஒன்றில் மட்டும் கொம்பும் கண்ணும் அப்படியே விழுந்துவிட்டன. அந்த ஒன்று போதாதா? ஆட்களை விலக்கி வைக்கச் செய்த பெட்டி, ஊர் ஊராக ஆட்களை அழைத்துவந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

கார்த்திகைக்குள் மரகதக்காவைப் பாதைக்குப் பழக்கலாம் என்று நான் கூட்டிப்போன அன்று, அதன் பலனைத்தான் பாறைமேல் உட்கார்ந்து அனுபவித்தோம்.

என் வெற்றியும் அதன் ருசியும்

அன்று பத்து மணிக்கு ஷெட்டில் நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஒறம்பரை விருந்தாளியெல்லாம் வந்தாச்சு, வாழையிலை போடட்டுமா என்று ஆரம்பித்தேன். நான் அப்போதே சொன்னேனா இல்லையா என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்டேன். மரகதக்கா பாறையில் ஏறியதைச் சொன்னபோது குரல் உடைந்தது. அது மட்டும் நடிப்பில்லை.

தேன்மொழிதான் முதலில் பேசினாள். "தப்பு என்னுதுங்க்கா. எடத்தப் போட்டிருக்கக் கூடாது. அந்தப் பக்கத்தையே அழிச்சுப் போடுங்க" என்றாள். அங்கேயே பெட்டியைப் பக்கத்திலிருந்து துண்டித்தாள். பக்கத்தை அழிக்கும் வேலை பாஸ்வேர்டு வைத்திருந்த எனக்கு.

மறுநாள் சாயங்காலம் கோயில் திருப்பத்துக்கு ஜீப்பில் போய் இறங்கினேன். பாறைக்கட்டில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். 'செம்ம', 'லொகேஷன் சொல்லுங்க பாஸ்', 'எத்தன மணிக்கு வந்தா பாக்கலாம்?' என்று நூறு பேர் கேட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே நீளமாக ஒன்று.

கூடலூர் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டராம். பெயர் பாலன். எங்கள் வெள்ளைப் படங்களை வரிசையாகப் பார்த்திருக்கிறார். "இது காட்டெருமை இல்லை, கண்ணாடியில் படரும் பனி. யானைக்காக நான் செய்த பெட்டியும் இப்படித்தான் செத்தது. இரண்டாவது பெட்டியில் சரி செய்தேன். உங்கள் சங்கத்து விதியைப் பக்கத்தில் படித்தேன். முதல் பெட்டி கெட்டுப்போனபடியே பரணில் இருக்கிறது. முகவரி கொடுத்தால் அனுப்புகிறேன். அதில் என் தப்பு என்ன என்பதையும் எழுதி வைக்கிறேன்."

படித்தேன். இன்னொரு முறை படித்தேன். பிறகு போனை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பக்கத்தை அழிக்கவும் இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. இரண்டு நாள். நெட்டில் இருப்பவன் கெட்டுப்போன சாமானைக் கொண்டுவருவானா என்று கேட்டவள் நான். கொண்டுவருகிறேன் என்கிறான் ஒருவன். இப்போது நான் எந்த முகத்தோடு ஷெட்டுக்குப் போவது?

மூன்றாம் நாள் மதியம் ஆபீஸ் வாசலில் மரகதக்கா நின்றார். லயனுக்கு மேலேயே ஆபீஸ். ஓடையைத் தாண்ட வேண்டியதில்லை. அந்த நூறடியைத் தடி ஊன்றி வந்திருந்தார்.

"ரைட்டரம்மா, ஊட்டுச் சாவிய யாருகிட்டங்க குடுக்கோணும்?"

"என்ன அவசரம்க்கா? கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்குது."

"இருக்கட்டுங்க. இந்தக் கால வெச்சுக்கிட்டு மழையில சாமானத் தூக்க முடியாது. இப்பவே சேலத்துல ஒரு ரூம்பு பாத்துக்கறேன்." பிறகு என் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இங்க இருந்து தோட்டத்தப் பாத்துட்டே நாப்பது வருசம். அங்க சன்னலத் தொறந்தா என்ன தெரியுமோ, என்னமோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நோட்டை மூடினேன். "சாவிய உங்க இடுப்புலயே வெச்சிருங்க. நான் வர்ற வரைக்கும் யாருகிட்டயும் குடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மானேஜரிடம்கூடக் கேட்காமல் தேன்மொழி வீட்டுக்குப் புறப்பட்டேன்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். சிக்னல் விஷயம் முதலிலேயே தெரியும் என்பதையும் சேர்த்துத்தான். தேன்மொழி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உக்காருங்க்கா, தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினாள். "அவருக்கு இப்பவே அட்ரஸ் அனுப்பிருவோம்."

கூடலூர்ப் பெட்டி

பார்சல் சேலம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் மலையேறி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் சுற்றி நிற்கப் பிரித்தோம். பால் மாதிரி வெளுத்துப்போன கண்ணாடியோடு ஒரு பெட்டி. உள்ளே மடித்த காகிதம். "என் தப்பு: மழை உள்ளே போகாமல் இருக்க இறுக்கி மூடினேன். கண்ணாடியின் குளிரை மறந்துவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால், மின்சாரம் பாய்ந்தால் சூடாகும் சின்ன ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, இளஞ்சூடாக வைத்திருங்கள். சூடான கண்ணாடியில் பனி உட்காராது."

பழனிசாமியண்ணன் காகிதத்தை இரண்டு முறை படித்தார். தலையில் அடித்துக்கொண்டார். "அட சாமி! தெனமும் டீ கிளாஸப் புடிச்சுக்கிட்டு இதே பனியில நிக்கறமுங்களே. இது தோணலையே!" பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா ரைட்டரு, கெட்டுப்போன சாமானும் வந்திருச்சு. தன் தப்பையும் எழுதியிருக்காரு. இவரு நம்ம சங்கத்து ஆளா, இல்லைங்களா?"

"ஆளுதானுங்ண்ணா" என்றேன். வாழ்க்கையில் தோற்றதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான்.

அடுத்த சிக்கல், சிக்னல் இல்லாத லயனுக்கு எப்படிச் சொல்வது என்பது. அதை அவிழ்த்தவர் மரகதக்கா. விஷயத்தைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனபோது கேட்டார், "அதுக்கெதுக்குக் கண்ணு போனு? லயன் வாசல்ல செவப்பா ஒரு பல்பு எரிஞ்சா எங்களுக்குத் தெரியாதா?"

பொறியியல் அதோடு முடிந்தது. பழனிசாமியண்ணன் வீட்டுக்குப் பேசிய அதே சின்ன ரேடியோவை லயன் வாசல் பக்கம் திருப்பினோம். நெட் வேண்டாம், போன் வேண்டாம். மாடு கடந்தால் பல்பு எரியும். கடைசி மாடு கடந்து பத்து நிமிடம் ஆனபின் அணையும். அந்தப் பத்து நிமிடம் பழனிசாமியண்ணன் வைத்த கணக்கு. "மாடு போனாலும் கன்னு பின்னால வருமுங்க" என்றார்.

பக்கத்தை என்ன செய்வது என்று மறுபடி சீட்டுப் போட்டோம். இந்தத் தடவை ஏழு சீட்டிலும் ஒரே பதில். பக்கம் இருக்கட்டும். ஆனால் பஸ் நிறுத்தத் தகரத்தில் எங்கள் பழைய விதிக்குக் கீழே புதிதாக ஒன்றை நானே எழுதினேன். 'செய்முறையைச் சொல். இடத்தைச் சொல்லாதே.' கண்டக்டர் அதையும் கூவிக்கொண்டு போனார்; எந்தச் சம்பந்தமும் இல்லாமல் குப்பனூர் வரைக்கும் அது பரவிற்று.

இன்றைக்கும் பக்கம் உயிரோடு இருக்கிறது. நாங்கள் எரித்த சர்க்யூட்டுகள், அதில் எங்கள் தப்பு, இவைதான் அதில் இருக்கும். காட்டெருமைப் படம் போட்ட நாட்களில் வந்த கூட்டம் ஒரே மாதத்தில் கலைந்துவிட்டது. மிஞ்சியவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். வால்பாறையிலிருந்து ஒருவர் போன மாதம் செத்துப்போன மழைமானியைப் பார்சல் அனுப்பியிருந்தார். எங்கள் அலமாரியில் இப்போது இடமில்லை.

கார்த்திகைக் காலை

அந்த வருடத்துப் பழம் எடுப்பின் முதல் நாள். விடிந்தும் விடியாத வெளிச்சம். பனி, எங்களைப் பழிவாங்குவது போல, அந்த வருடத்திலேயே கனமாக இறங்கியிருந்தது. வழக்கமாக நான் தோட்டத்தில் நின்று பெயர் எழுதுவேன். அன்று நோட்டை எடுத்துக்கொண்டு லயன் வாசலுக்கு வந்துவிட்டேன். முப்பது பெண்கள் கூடையும் தூக்குப்போசியுமாக நின்றார்கள். கடைசியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, கையில் தடியோடு மரகதக்கா. வந்திருந்தார், ஆனால் பாதி உடம்பு வாசலுக்குள்தான் இருந்தது.

பல்பு அணைந்திருந்தது. இவ்வளவு பனியிலும் அது அணைந்திருந்ததே பாதி வெற்றி. ஆனால் பெட்டி வேலை செய்கிறதா, இல்லை செத்துக் கிடக்கிறதா? அணைந்த பல்பு இரண்டுக்கும் ஒரே மாதிரிதானே இருக்கும்?

"போலாங்களா ரைட்டரம்மா?" என்று முன்னால் நின்ற பெண் கேட்டாள். வாயைத் திறந்தேன்.

பல்பு எரிந்தது.

சிவப்பு வெளிச்சம் பனியில் பரவி முப்பது முகங்களிலும் விழுந்தது. கீழே ஓடையில் கல் உருளும் சத்தம். கனமாக ஒன்று நீரில் இறங்கி ஏறியது. பிறகு இன்னொன்று. பிறகு சின்னதாக ஒன்று, தடுமாறி. பழனிசாமியண்ணன் சொன்ன கன்று. மாட்டுத் தொழுவ வாடை ஒன்று மேலே வந்து போனது. பின் கிளைகள் விலகும் சத்தம் தூரமாகி, தூரமாகி, இல்லாமல் போயிற்று.

நாங்கள் நின்றோம். ஹாரன் இல்லை, கார் இல்லை, கைதட்டல் இல்லை. பத்து நிமிடம் அவ்வளவு நீளமென்று எனக்குத் தெரியாது.

பல்பு அணைந்தது.

யார் முதலில் நடப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து தடியூன்றும் சத்தம் கேட்டது. கூட்டம் வழிவிட்டது. மரகதக்கா யாரையும் பார்க்காமல் எல்லாரையும் தாண்டி வந்து, பாதையில் இறங்கினார். இறங்கியதும் தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்துப் பெண்ணின் தூக்குப்போசியை வாங்கி, கரண்டியால் டங் டங்கென்று தட்ட ஆரம்பித்தார். பல்பு என்ன சொன்னாலும் பழக்கம் பழக்கம்தான். முப்பது பேரும் அந்தச் சத்தத்தின் பின்னால் நடந்தோம். ஓடைக் கல்லில் ஈரமான குளம்புத் தடம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். ஒரு கணம் நின்றார். தாண்டினார்.

பாறையையும் தாண்டி, சாலைத் திருப்பத்தையும் தாண்டித் தோட்டத்துக்கு வந்தோம். சாலை காலியாகக் கிடந்தது.

மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். "என்னங்க ரைட்டர், மொத நாளே லேட்டுங்களா?"

"காட்டுமாடு மூணு கடந்துச்சுங்க சார். வழிவிட்டு வந்தோம்" என்றேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார். முன்னால் நின்றவரைப் பார்த்தார். கடிகாரத்தைச் சட்டைக்கைக்குள் தள்ளிவிட்டார்.

நோட்டைத் திறந்தேன். பேனா பனியில் எழுத மறுத்தது. ஊதி ஊதிச் சூடாக்கினேன். முப்பது பெண்களும், மேஸ்திரியும், மானேஜரும் சுற்றி நிற்க, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, உரக்க, அதிகாரமாகச் சொன்னார் மரகதக்கா:

"எழுதிக்க, கண்ணு."